வாலில் ஒருவன் ஒட்டிக்கொண்டால்: வார் தண்டரில் துரத்தும் விமானத்திடமிருந்து தப்பும் முழுமையான வழிகாட்டி

வார் தண்டர் என்ற இணையப் போர் விளையாட்டை விளையாடத் தொடங்கும் எல்லோரும் முதலில் கேட்பது எப்படிக் குறி வைப்பது என்றுதான். ஆனால் ஆரம்ப நாட்களில் நீங்கள் சுடும் நேரத்தைவிடச் சுடப்படும் நேரமே அதிகம். அதனால் இந்த வழிகாட்டி குறி வைப்பதைப் பற்றிப் பேசாது. பின்னால் ஒருவன் வந்துவிட்டான், அடுத்த இருபது விநாடிகளில் என்ன செய்வது என்பதை மட்டுமே பேசும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் விளையாடுபவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஐரோப்பாவில் இருந்துகொண்டு காணொளியில் பாடம் நடத்துபவருக்கு நமது இணைப்பும் நமது வெயிலும் தெரியாது. அவை இரண்டும் இந்த விடயத்தில் நேரடியாகத் தலையிடுகின்றன. நான் சொல்வது பெரும்பாலும் விளையாட்டின் ரியலிஸ்டிக் என்ற ஆட்ட முறையில், மூக்கில் விசிறி (புரொப்பெல்லர்) சுழலும் விமானங்களுக்குப் பொருந்தும். ஜெட்டுக்கும் ஏவுகணைக்கும் கடைசியில் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

குண்டு உங்கள் மீது பட என்ன வேண்டும்

துரத்துபவனுக்கு மூன்று விடயங்கள் ஒரே கணத்தில் பொருந்திவர வேண்டும். அவன் சுடும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். நீங்கள் எந்தத் தளத்தில் திரும்புகிறீர்களோ அதே தளத்தில் அவனும் திரும்ப வேண்டும். உங்கள் மூக்குக்கு முன்னால், நீங்கள் போய்ச்சேரப்போகும் இடத்தில், அவனது குறி இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றைக் கெடுத்தாலே போதும், நீங்கள் பிழைத்துவிடுவீர்கள். மூன்றையும் ஒரேயடியாகக் கெடுக்கப் போகிறவர்கள்தான் வேகத்தை எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, மரத்தின் உயரத்தில் மணிக்கு 200 கிலோமீற்றரில் தத்தளிக்கிறார்கள்.

தூரத்தைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஏனெனில் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க் கால விமானத்தின் துப்பாக்கிக் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 800 மீற்றர் வேகத்தில் புறப்படும். காற்றின் எதிர்ப்பையும் சேர்த்தால் 600 மீற்றரைக் கடக்க முக்கால் விநாடிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் 4 ஜி விசையில், அதாவது புவியீர்ப்பின் நான்கு மடங்கில், மூக்கை இழுத்துத் திரும்பிக்கொண்டிருந்தால், நேர்கோட்டில் போயிருக்க வேண்டிய இடத்திலிருந்து உங்கள் விமானம் ஏறத்தாழ 12 மீற்றர் விலகியிருக்கும். ஸ்பிட்பயரின் இரு இறக்கை முனைகளுக்கு இடைப்பட்ட நீளமே 11 மீற்றர் சொச்சம்தான். ஆக, 600 மீற்றரில் அவன் சரியாகவே குறி வைத்தாலும் நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள்.

இதே இழுப்பை அவன் 200 மீற்றரில் இருக்கும்போது செய்தால் என்ன ஆகும்? குண்டு வந்துசேரக் கால் விநாடி. விலகல் ஒரு மீற்றரைச் சற்றே தாண்டும். குண்டு விமானி அறைக்குப் பதிலாக எஞ்சினில் படும், அவ்வளவுதான்.

அதனால் தூரத்தில் இருப்பவனிடமிருந்து சிறு அசைவாலேயே தப்பலாம். கிட்ட வந்துவிட்டவனுக்கு அசைவு போதாது. அவனது மூக்கு உங்களை நோக்கவே முடியாத இடத்துக்குப் போக வேண்டும்.

வேகமும் உயரமும் ஒரே பணம்

உயரத்தை வேகமாகவும் வேகத்தை உயரமாகவும் மாற்றலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு மாற்றலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது. காற்றின் எதிர்ப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் போகும் விமானம் கையில் ஏறத்தாழ 980 மீற்றர் உயரத்தை வைத்திருக்கிறது. 300 கிலோமீற்றரில் போவது 350 மீற்றரை மட்டுமே வைத்திருக்கிறது. உங்களைவிட 200 கிலோமீற்றர் கூடிய வேகத்தில் பின்னால் வருபவன், கண்ணுக்குச் சம உயரத்தில் தெரிந்தாலும், உண்மையில் 600 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். இந்தக் கணக்கை 1960களில் ஜோன் பொய்ட் என்ற அமெரிக்க விமானப்படை அதிகாரியும் தோமஸ் கிறிஸ்ரி என்ற கணிதவியலாளரும் ஒரு கோட்பாடாகவே வகுத்தார்கள். விமானங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு அது இன்றும் அடிப்படையாக இருக்கிறது.

கூடிய வேகம் எப்போதும் அவனுக்கு நன்மையல்ல. ஒரே 5 ஜி விசையில் இழுத்தால், 400 கிலோமீற்றரில் போகும் விமானம் ஏறத்தாழ 260 மீற்றர் ஆரத்தில் திரும்பும். 600 கிலோமீற்றரில் போவதற்கு 580 மீற்றர் வேண்டும். வேகமாக வருபவன் உங்கள் வளைவுக்குள் நுழையவே முடியாது. அவனை வெல்வதற்கான வழி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

விளையாட உட்காருமுன்

சுற்றிப் பார்க்கும் பொத்தானை வசதியான இடத்துக்கு மாற்றுங்கள். வழக்கமாக அது கீபோர்டில் ‘சி’ எழுத்தில் இருக்கும். மௌஸின் பக்கப் பொத்தானுக்கு மாற்றிக்கொண்டால், உருட்டும் விரல்களை எடுக்காமலே பின்னால் பார்க்கலாம். பின்னால் பார்த்தபடி ஓட்டத் தெரியாதவருக்கு இந்த வழிகாட்டியின் மீதிப் பகுதி உதவாது. சோதனைப் பறப்பில் ஒரு மாலை முழுவதும் இதை மட்டும் பழகினாலும் தகும்.

பிளாப்புக்கும் (இறக்கையின் பின்னோரத்தில் கீழிறங்கும் தகடு) த்ரொட்டிலுக்கும் (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைப்பது) தனிப் பொத்தான்கள் இருக்க வேண்டும். அவற்றைத் தேடாமல் அழுத்தப் பழகியிருக்கவும் வேண்டும்.

இனி பிங், அதாவது உங்கள் கணினியிலிருந்து சேர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரம். மோபைல் டேட்டாவில் மரத்தடியில் ஹொட்ஸ்பொட் போட்டு விளையாடுபவருக்கும் கம்பி இணைப்பு வந்த வீட்டில் விளையாடுபவருக்கும் இதில் பெரிய வித்தியாசம் உண்டு. பிங் 200 மில்லி விநாடி என்றால், மணிக்கு 500 கிலோமீற்றரில் வருபவன் அதற்குள் 28 மீற்றர் கடந்துவிடுகிறான். திரையில் நீங்கள் பார்ப்பது அவன் இருந்த இடத்தை. அவன் இருக்கும் இடம் அதுவல்ல. உங்கள் கை அசைவும் சேர்வருக்குப் பிந்தியே போய்ச் சேருகிறது. ஆகவே கீழே நான் எங்கெல்லாம் ஒரு தூரத்தைச் சொல்கிறேனோ, அங்கெல்லாம் நமது ஊர்க்காரர் இன்னும் ஒரு 100 மீற்றர் முன்கூட்டியே தொடங்க வேண்டும். பிங் சீராக இருந்தால் 200ஐயும் சமாளிக்கலாம். எண்பதுக்கும் முந்நூறுக்கும் இடையில் துள்ளினால் அன்றைக்கு விளையாடாமல் இருப்பதே நல்லது. சேர்வரை விளையாட்டே தெரிவு செய்ய விடாமல், பிங் குறைந்ததை மட்டும் நீங்களே தெரிவு செய்யுங்கள்.

தகரக் கூரையின் கீழே சித்திரை வைகாசியில் பிற்பகல் இரண்டு மணிக்கு மடிக்கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். திரை விக்கும். நீங்கள் திரும்ப வேண்டிய அதே கணத்தில்தான் விக்கும், ஏனெனில் நிலமும் புகையும் பல விமானங்களும் ஒன்றாகத் திரைக்கு வருவது அப்போதுதான். நிழல், புல், மேகத் தரம் ஆகியவற்றைக் குறைத்துவிடுங்கள். அழகைப் பார்க்க ரிப்ளே இருக்கிறது.

ஹெட்போன் போடுங்கள். பின்னாலிருந்து வரும் எஞ்சின் ஒலியும் குண்டு உரசிச் செல்லும் ஒலியும் எந்தப் பக்கம் என்று அப்போதுதான் தெரியும். இன்னொரு காரணம் வன்னிக்கே உரியது. 2009 வரை இங்கே இருந்தவர்களுக்கு கிபிர் (போர்க்காலத்தில் குண்டு வீசிய ஜெட் விமானம்) இரைச்சல் என்றால் பங்கர். ஜெட் பறக்கும் விளையாட்டை ஸ்பீக்கரில் அலறவிட்டுவிட்டு, அடுத்த அறையில் படுத்திருந்த அம்மம்மா ஏன் எழுந்து முற்றத்துக்குப் போனார் என்று யோசிக்காதீர்கள்.

முதலில் அவனைப் பாருங்கள்

சுட்டு வீழ்த்தப்படுபவர்களில் பெரும்பாலானோர் தங்களைச் சுட்டவனைப் பார்த்ததே இல்லை. ஒருவனைத் துரத்தும்போதுகூடப் பத்து விநாடிக்கு ஒருமுறை பின்னால் பாருங்கள். குறிப்பாக நீங்கள் யாரையாவது சுட்டு முடித்த உடனே பாருங்கள். உங்கள் துப்பாக்கி வெடித்ததைப் பார்த்து மேலே இருந்தவன் இறங்கி வருவது அப்போதுதான்.

பார்த்ததும் அவனது அடையாளக் குறிக்கு அருகில் இருக்கும் தூரத்தை இரண்டு முறை வாசியுங்கள். மனத்துக்குள் மூன்று எண்ணி மறுபடி பாருங்கள். 1.2 கிலோமீற்றர் என்று இருந்தது 0.9 ஆகிவிட்டால், அவன் உங்களைவிட மணிக்கு 360 கிலோமீற்றர் கூடிய வேகத்தில் பாய்கிறான். 1.1 ஆனால் வித்தியாசம் 120 மட்டுமே. முதலாமவனைத் தாண்டிப் போகவைக்கலாம், இரண்டாமவன் ஒட்டிக்கொள்வான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எல்லா எதிரிக்கும் ஒரே திருப்பத்தைப் போடுபவர் பாதி நேரம் பிழைப்பதும் பாதி நேரம் சாவதும் இதனால்தான்.

பிறகு அவனது விமானத்தின் பெயரை வாசியுங்கள். ரியலிஸ்டிக்கில் அது திரையிலேயே எழுதியிருக்கும்.

அவன் என்ன ஓட்டுகிறான்

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானியக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்து மேலெழுந்த பிரித்தானிய ஹரிக்கேன்கள் சீரோ விமானங்களோடு வட்டமடித்துத் திரும்பிச் சண்டை போட்டன. பல வீழ்ந்தன. ஐரோப்பாவில் மெஸ்ஸர்ஸ்மிட் 109க்கு எதிராக இறுக்கித் திரும்பித் தப்பிப் பழகிய பழக்கம் சீரோவிடம் செல்லுபடியாகவில்லை. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில், சீனன்குடாவிலிருந்து கிளம்பியவர்களும் அதே சீரோவைத்தான் சந்தித்தார்கள். நமது தீவின் வானத்திலேயே நடந்த இந்தப் பாடத்தை விளையாட்டில் இன்றும் தினமும் யாராவது மறுபடி படிக்கிறார்கள்: சீரோவோடு மெதுவான வேகத்தில் திரும்பாதீர்கள்.

சீரோ பின்னால் இருந்தால் மூக்கைக் கீழே விட்டு வேகத்தைக் கூட்டுங்கள். வேகம் ஏற ஏற அதன் கட்டுப்பாடுகள் இறுகும், உருளுவது மந்தமாகும். மணிக்கு 600 கிலோமீற்றரைத் தாண்டினால் அதன் இறக்கைக்கே ஆபத்து. உங்களிடம் பி-47 தண்டர்போல்ட் போன்ற பாரமான விமானம் இருந்தால் இது மிக எளிது. போக்கே-வுல்ப் 190 துரத்தினால் நிலைமை தலைகீழ். அது மின்னல் வேகத்தில் உருளும், பாய்ச்சலிலும் வலுவானது, ஆனால் நின்று திரும்பத் தெரியாதது. அதை வட்டத்துக்குள் இழுங்கள். மெஸ்ஸர்ஸ்மிட் 109 பாய்ச்சல் வேகத்தில் மூக்கைத் தூக்கச் சிரமப்படும். நிலத்துக்குக் கிட்ட வேகமாக இறங்கி, கடைசியில் கூர்மையாக நிமிர்த்தினால், பின்தொடர்ந்தவன் சில வேளை நிலத்தில் போய் மோதுவான்.  ஸ்பிட்பயர் திரும்பவும் தெரிந்தது, ஏறவும் தெரிந்தது. அதனிடமிருந்து கூடியவரை நேராகவும் கீழாகவும் விலகிப்போங்கள், வேறு மந்திரம் கிடையாது.

இன்னும் தூரத்தில் இருந்தால்: ஓடுங்கள்

ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் அவன் இருக்கும்போது திரும்பிச் சண்டைக்கு நிற்பது வீரமல்ல, வீண்செலவு. எஞ்சினை அவசரச் சக்தியில் விட்டு, மூக்கை ஐந்து பாகை மட்டும் கீழே இறக்கி, அவனுக்கு நேர் எதிர்த்திசையில் போங்கள். செங்குத்தாகப் பாய வேண்டாம். உயரம் ஒரே நொடியில் தீர்ந்துபோகும், அவனும் மேலிருந்து குறுக்கே வெட்டி வருவான். சிறுசரிவில் போனால் அவன் நீண்ட நேரம் துரத்த வேண்டும். துரத்தத் துரத்த அவனது அணியிலிருந்து விலகி உங்கள் அணிக்குள் வருவான். உங்கள் விமானத்தளத்தைச் சுற்றி விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் இருக்கின்றன, அவையும் உங்கள் நண்பர்கள்தான்.

ஆனால் நேராக ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். தூரம் குறையாமலோ கூடிக்கொண்டோ இருந்தால் ஓட்டத்தைத் தொடருங்கள். குறைந்துகொண்டே வந்தால் அடுத்த பகுதிக்கு ஆயத்தமாகுங்கள்.

வேகமாகப் பாய்பவனுக்கு: முறிப்பு

இந்த வழிகாட்டியிலிருந்து ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளலாம் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஜெர்மானிய விமானி ஒஸ்வால்ட் பெல்க்கே 1916இல் தன் ஆட்களுக்கு எழுதிக்கொடுத்த விதிகளிலேயே இதன் கரு இருக்கிறது. மேலிருந்து பாய்பவனிடம் முதுகைக் காட்டி ஓடாமல் அவன் பக்கமாகத் திரும்ப வேண்டும் என்றார் அவர்.

செய்முறை இதுதான். அவன் எந்தப் பக்கத்தில் வருகிறானோ அந்தப் பக்கமாக, இறக்கை செங்குத்தாகும்வரை கீபோர்டால் உருட்டுங்கள். அதற்குப் பிறகுதான் இழுக்க வேண்டும். மௌஸை மட்டும் நம்பி அம்புக்குறியைப் பின்னால் இழுத்தால் விளையாட்டின் தானியங்கி உதவி தன் விருப்பத்துக்கு உருட்டும், அரை விநாடி போய்விடும். உருட்டி முடித்ததும் மூக்கை அடிவானத்துக்குச் சற்றே கீழே விட்டு முழுப் பலத்தோடு இழுங்கள். மூக்கு சற்றுக் கீழே இருந்தால் திருப்பத்தில் இழக்கும் வேகத்தை இறக்கம் ஈடுசெய்யும்.

எப்போது என்பதுதான் சிக்கல். கிளித்தட்டில் மறிப்பவன் முன்னால் எல்லோருமே இதைச் செய்திருக்கிறோம். அவன் தன் உடம்பை ஒரு பக்கம் முழுவதுமாக எறியும்வரை காத்திருந்து மறுபக்கத்தால் நழுவுவோம். முன்கூட்டி நழுவினால் அவனும் கூடவே வருவான். இங்கேயும் 1 கிலோமீற்றருக்கு அப்பால் முறித்தால் அவனுக்குத் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். மூக்கைத் தூக்கி உங்கள் வளைவின் உட்புறத்தில் காத்திருப்பான். 300 மீற்றர்வரை பொறுத்தால் குண்டு முந்திக்கொள்ளும். 800க்கும் 600க்கும் இடையில் தொடங்குங்கள். பிங் கூடியவர்கள் 900இல் தொடங்குங்கள். அவனது வேகம் மிகக் கூடுதலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் முந்துங்கள்.

அவன் கடந்துபோன பிறகு என்ன செய்வது என்பதில்தான் நடுத்தர ஆட்டக்காரர்கள் செத்துப்போகிறார்கள். அவன் கடந்ததும் உடனே மறுபக்கம் உருட்டி அவன் வாலைப் பிடிக்க மனம் துடிக்கும். பொறுங்கள், அவன் மூக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். மேலே போகிறது என்றால் அவன் தன் வேகத்தை உயரமாகச் சேமித்துக்கொண்டு இன்னொரு முறை பாயப்போகிறான். நீங்கள் அவனைத் தொடர்ந்து ஏறினால் பாதி வழியில் வேகம் தீர்ந்து தொங்குவீர்கள், அவன் மேலே புரண்டு உங்களை ஆறுதலாகச் சுடுவான். அந்த நேரத்தை வேகம் சேர்க்கப் பயன்படுத்துங்கள், அவனுக்குக் கீழே, எதிர்த்திசையில். அவன் உங்களோடு சேர்ந்து கிடையாகத் திரும்ப முயன்று, உங்கள் இறக்கைக் கோட்டைத் தாண்டி முன்னால் வழுக்கிவிட்டான் என்றால் மட்டுமே மறுபக்கம் புரளுங்கள்.

நல்ல ஆட்டக்காரன் மூன்று நான்கு முறை பாய்வான். ஒவ்வொரு முறையும் முறியுங்கள், இடையில் வேகம் சேருங்கள். ஒவ்வொரு முறிப்பையும் உங்கள் தளத்தின் பக்கமாகவே முடியுங்கள். சலிப்பான வேலைதான். அவனுக்கும் சலிக்கும், பொறுமையிழந்து உங்களோடு திரும்ப வருவான். அப்போது அவன் கூடுதலாக வைத்திருந்த உயரம் போய்விட்டது.

மெதுவாக ஒட்டிக்கொள்பவனுக்கு: கத்தரியும் சுருளும்

இது கடினமானது. அவன் 300, 400 மீற்றரில், உங்கள் வேகத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். முறித்தால் கூடவே முறிப்பான்.

இங்கே நோக்கம் அவனை முன்னால் தள்ளுவது, அதாவது உங்கள் முன்னோக்கிய ஓட்டத்தை அவனைவிட விரைவாகக் குறைப்பது. வெறுமனே த்ரொட்டிலை மூடுவது போதாது. அப்படி மூடியவர் நேர்கோட்டில் ஒரு நல்ல இலக்காக நிற்பார். திரும்பிக்கொண்டே குறைக்க வேண்டும்.

கிடைக் கத்தரி: ஒரு பக்கம் இறுக்கித் திரும்புங்கள். அவன் மூக்கு உங்களுக்குப் பின்னால் விழத் தொடங்கியதும் மறுபக்கம் உருட்டித் திரும்புங்கள். ஒவ்வொரு குறுக்கு வெட்டிலும் த்ரொட்டிலைக் குறைத்து, சண்டை நிலை பிளாப்பை இறக்குங்கள். உருளும் வேகம் கூடிய விமானமே இதில் வெல்லும். ஆகவே உங்களைத் துரத்துவது போக்கே-வுல்ப் 190 என்றால் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

சுருள் கத்தரி எனக்குப் பிடித்தமானது. மூக்கை அடிவானத்துக்கு மேல் முப்பது பாகை தூக்கி, இழுப்பை விடாமல், ஒரு பெரிய சுருளாக விமானத்தை உருட்டுங்கள். உங்கள் பாதை நீளமாகிறது, அவன் நேராக வருகிறான், அதனால் முன்னே வழுக்குகிறான். சுருளின் உச்சியில், தலைகீழாக இருக்கும்போது, தலையை நிமிர்த்தி அவனைத் தேடுங்கள். கண்ணாடிக் கூரையின் வழியே அவனது முதுகு கீழே தெரிய வேண்டும், அவனது விமானி அறையின் சட்டங்களை எண்ணக்கூடிய கிட்டத்தில். தெரிந்தால் அடுத்த அரைச் சுருளில் நீங்கள் பின்னால் இருப்பீர்கள். தெரியவில்லை என்றால் அவனும் உங்களோடு சுருளுகிறான். அப்போது யார் மெதுவான வேகத்தில் ஸ்டால் ஆகாமல், அதாவது தூக்குவிசை இழந்து விழாமல், நிற்கிறாரோ அவரே வெல்வார். சீரோவும் ஸ்பிட்பயரும் நிற்கும், தண்டர்போல்ட் கல்லாய் விழும்.

பிளாப்பை மறக்காமல் மடக்குங்கள். வேகம் ஏறினால் அது பிய்ந்துபோகும். ஒரு பக்கம் மட்டும் பிய்ந்தால் விமானத்தை நேராக வைக்கவே பாடுபட வேண்டியிருக்கும்.

மேலே போவது எப்போது

துரத்தப்படும்போது மேலே ஏறுவது அநேகமாகத் தவறு. ஒரு விதிவிலக்கு உண்டு. அவனது விமானம் உங்களைவிட மோசமாக ஏறும், அவனிடம் மேலதிக வேகமும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், வளைந்து வளைந்து ஏறுங்கள். ஸ்பிட்பயரில் இருந்துகொண்டு மெதுவாக வரும் போக்கே-வுல்பை இப்படி ஏற்றலாம். அவன் குறி வைக்க மூக்கை உங்களைவிடக் கூர்மையாகத் தூக்கியே ஆக வேண்டும். வேகம் தீர்ந்து மூக்கு விழும். அவன் மூக்கு விழுந்த அதே கணத்தில் நீங்கள் புரண்டு கீழே வரவேண்டும். ஒரு விநாடி பிந்தினால் நீங்களும் தொங்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஒன்றும் கைகொடுக்காதபோது

200 மீற்றர், அவன் சுடத் தொடங்கிவிட்டான், குண்டுகள் இறக்கையில் விழுகின்றன. இப்போது ஒரே தாளத்தில் ஆடாதீர்கள். இடம் வலம் இடம் வலம் என்று ஒழுங்காக ஆடுபவரின் அடுத்த இடத்தைச் சின்னப்பிள்ளையும் ஊகிக்கும். சுக்கானால் பக்கவாட்டில் வழுக்கியபடி, மூக்கைத் திடீரெனக் கீழே தள்ளுங்கள். பிறகு கால்வாசிச் சுருள் உருட்டி இழுங்கள்.

கீழே தள்ளுவதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. போரின் தொடக்கத்தில் ஸ்பிட்பயர், ஹரிக்கேன் விமானங்களின் மேர்லின் எஞ்சின், மூக்கைத் திடீரெனக் கீழே தள்ளினால் எரிபொருள் ஓட்டம் குழம்பி இருமும். எரிபொருளை நேரடியாகப் பீச்சும் எஞ்சின் கொண்ட மெஸ்ஸர்ஸ்மிட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, அதனால் ஜெர்மானியர் மூக்கைத் தள்ளித் தப்பினார்கள். பியற்றிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர் ஒரு சிறிய உலோகத் தடுப்பை வடிவமைத்தார். 1941இல் அதைப் பொருத்தத் தொடங்கியதும் தொல்லை பெருமளவு குறைந்தது. இன்னொரு காரணமும் உண்டு. முன்குறி வைத்து இழுப்பவனுக்கு நீங்கள் அவனது மூக்கின் கீழே மறைந்துபோவீர்கள். சிமுலேட்டர் முறையில் இது பொன்னான உத்தி. ரியலிஸ்டிக்கில் அவன் விமானத்துக்கு வெளியிலிருந்து பார்ப்பதால் பாதிப் பயன்தான்.

இருவராக ஆடினால்

மேலே சொன்ன எதுவும் ஒரு நல்ல தோழனுக்கு ஈடாகாது. அமெரிக்கக் கடற்படை விமானி ஜோன் தாச், சீரோவுக்கு எதிராக வகுத்து 1942இல் மிட்வே சண்டையில் பயன்படுத்திய நெசவு முறை இன்றும் வேலை செய்கிறது. இருவரும் பக்கவாட்டில் இடைவெளி விட்டுப் பறக்க வேண்டும். ஒருவர் வாலில் எதிரி விழுந்ததும் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்ப வேண்டும். துரத்தப்படுபவர் தோழனின் மூக்குக்குக் கீழாகக் கடந்துபோக, துரத்துபவன் தோழனின் துப்பாக்கிக்கு நேராக வந்து நிற்பான்.

இதற்குப் பேச்சு சுருக்கமாக இருக்க வேண்டும். “டேய் டேய் பின்னால் பின்னால்” என்பதில் ஒரு தகவலும் இல்லை. யார், எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்ற மூன்றும் போதும்: “மச்சான், சீரோ, எண்ணூறு, வலம் உடைக்கிறேன்.” மறுமுனையில் இருப்பவர் “இடம் வருகிறேன்” என்றால் முடிந்தது. பரந்தனில் ஒருவர், மல்லாவியில் ஒருவர் என்று இருந்து ஆடுபவர்கள், யாருடைய பிங் குறைவோ அவரைச் சுடுபவராகவும் மற்றவரை இரையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இரையாக இருப்பது கௌரவக் குறைவல்ல, உண்மையில் கடினமான வேலை அதுதான்.

ஜெட்டும் ஏவுகணையும்

சுருக்கமாகச் சொல்கிறேன். தொடக்க கால வெப்பம் நாடும் ஏவுகணைகள் பின்னாலிருந்து, சூடான வெளியேற்றக் குழாயைத்தான் பார்க்கும். புகைக்கோட்டைக் கண்டதும் ஆப்டர்பேர்னரை (எஞ்சினின் பின்புறத்தில் மேலதிக எரிபொருளை எரிக்கும் அமைப்பு) நிறுத்தி, வெப்பப் பொறிகளைவிட்டு, குறுக்கே கடுமையாகத் திரும்புங்கள். மூன்றும் ஒன்றாக வேண்டும். பொறியை மட்டும் விட்டு எரியும் வாலோடு நேராகப் போனால் அது உங்களைத்தான் தெரிவு செய்யும். ராடர் ஏவுகணைக்கு, ஏவியவனை உங்கள் இறக்கை நுனியின் நேரே வைத்து, தாழப் பறந்து, உலோகத் துகள்களை விடுங்கள். ஜெட்டில் திரும்பி இழந்த வேகம் திரும்ப வர நேரம் எடுக்கும். ஆகவே முறிப்பைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்.

பழகும் முறை

ஒரு நண்பரோடு தனிப்பட்ட சண்டையைத் திறந்து, இருவரும் ஒரே விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களுக்கு 1 கிலோமீற்றர் மேலே, பின்னால் தொடங்கட்டும். அவர் பாய்வது மட்டும், நீங்கள் முறிப்பது மட்டும். சுட வேண்டாம். பிறகு இடம் மாறுங்கள். பாய்பவரின் இடத்தில் இருந்து பார்க்கும்போதுதான், எந்த முறிப்பு உங்களுக்கு எரிச்சலூட்டுகிறது, எது சுகமாகக் குறிக்குள் வந்து விழுகிறது என்று தெரியும்.

உண்மையான ஆட்டத்தில் வீழ்ந்த பிறகு ரிப்ளேயைத் திறந்து, உங்களைச் சுட்டவனின் விமானத்துக்குப் பார்வையை மாற்றுங்கள். அவன் சுடத் தொடங்கிய கணத்தில் நிறுத்தி, அங்கிருந்து பத்து விநாடி பின்னோக்கிப் போங்கள். உங்கள் விமானம் அந்தப் பத்து விநாடியும் நேராகப் போய்க்கொண்டிருந்ததா, திரும்பிக்கொண்டிருந்ததா, திரும்பியது என்றால் அவன் எத்தனை மீற்றரில் இருந்தபோது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்டத்தில் அந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள்.